தானாக நீர் பாய்ச்சும் தொட்டி எதைக் கற்பிக்கிறது?

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, ஏதாவது ஒரு பள்ளிப் புத்தாக்கக் கண்காட்சிக்குப் போய்ப் பாருங்கள். ஒரு மேசையிலாவது பூந்தொட்டி ஒன்று இருக்கும். மண்ணில் இரண்டு கால் உள்ள ஓர் உணரி குத்தியிருக்கும். பக்கத்தில் மைக்ரோபிட் அல்லது ஆர்டுவினோ பலகை, சின்ன பம்பு, தண்ணீர் போத்தல். மண் காய்ந்தால் பம்பு ஓடும். "நேரமும் நீரும் மிச்சம்" என்று பிள்ளை ஒப்பிக்கும். பதக்கமும் கிடைக்கும்.

பலகையைக் குறை சொல்ல நான் வரவில்லை. மைக்ரோபிட் நல்ல கருவி. 2016இல் பிரிட்டனில் ஏழாம் ஆண்டு மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கவே பிபிசி அதை உருவாக்கியது. இங்கும் 2017இல் கேஎஸ்எஸ்எம் வந்ததிலிருந்து ஆர்பிடி பாடத்தில் இப்படிப்பட்ட படைப்புகளுக்கு இடம் இருக்கிறது. என் குறை வேறு. அறிவியல் கற்பிப்பதாகச் சொல்லும் அந்தத் தொட்டி, அறிவியல் தொடங்கும் இடத்திலேயே நின்றுவிடுகிறது.

அந்த உணரி எதை அளக்கிறது? "ஈரத்தை" என்று அட்டையில் எழுதியிருப்பார்கள். அது ஈரத்தை நேராக அளப்பதே இல்லை. இரண்டு கால்களுக்கும் நடுவில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்பதைத்தான் அளக்கிறது. அதாவது மின்தடை, படிவம் இரண்டில் வரும் பாடம். மூன்று கோப்பை எடுங்கள்: ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், ஒன்றில் குழாய் நீர், ஒன்றில் உப்பு நீர். உணரியை மாற்றி மாற்றி வையுங்கள். மூன்றும் தண்ணீர்தான், ஆனால் எண்கள் வேறு வேறு. ஏன்? இந்த "ஏன்" வந்த பிறகுதான் பாடம் ஆரம்பம். உரம் போட்ட மண் காய்ந்திருந்தாலும் ஈரமாக இருப்பதுபோல் காட்டக்கூடும், செடி வாடும், பம்பு ஓடாது. இன்னொன்று, மின்சாரம் ஓயாமல் ஓடினால் மின்பகுப்பு நடந்து உணரியின் ஒரு கால் அரித்துப்போகும். பல பள்ளிகளில் அதைக் "கெட்டுப்போச்சு" என்று தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிறார்கள். அரித்துப்போன அந்தக் காலைத்தான் கண்காட்சியில் வைத்திருக்க வேண்டும்!

சரி, தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை? நிறையவே இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு "காடி" என்று படித்த பிள்ளை, படிவம் ஒன்றில் "அசிட்" என்று மலாயில் தொடங்குகிறது. டிஎல்பி வகுப்பு என்றால் ஆங்கிலம். பழைய சொல் போய், புதுச் சொல் பிடிபடாத அந்த இடைவெளியில்தான் மனப்பாடம் நுழைகிறது. விளக்கத் தெரியாததால்தான் பிள்ளை ஒப்பிக்கிறது. படைப்புக் குறிப்பேட்டில் ஒரு பக்கம் தமிழில் எழுதச் சொல்லுங்கள்: என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், எது வேறாக வந்தது. மூன்றாவது வரிதான் முக்கியம். எஸ்பிஎம் கட்டுரையில் "தொழில்நுட்பம் கற்றலை எளிதாக்குகிறது" என்று எழுதும் மாணவர்களே, அதற்கு எடுத்துக்காட்டாக இந்தத் தொட்டியை எழுதுங்கள், ஆனால் எண்கள் ஏன் மாறின என்றும் எழுதுங்கள்.

பேராக்கில் நமக்கு இன்னும் நல்ல பொருள் கைவசம் இருக்கிறது. 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. இன்று தோட்டங்கள் பல செம்பனையாகிவிட்டன, ஆனால் பால் வெட்டிய தாத்தா பாட்டி ஈப்போ, சுங்கை சிப்புட் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். வெட்டிய பால் கோப்பையிலேயே ஏன் கட்டியாகிறது என்று பேரப்பிள்ளை அவர்களிடம் கேட்கட்டும். பாக்டீரியா உண்டாக்கும் காடிதான் காரணம். பால் துகள்கள் எதிர் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கும். காடி அந்த மின்னூட்டத்தைப் போக்கிவிட்டால் ஒட்டிக்கொள்ளும். அம்மோனியா சேர்த்தால் கட்டியாவது தள்ளிப்போகும். படிவம் இரண்டு காடி-காரப் பாடமும் படிவம் ஐந்து வேதியியலும் இங்கே ஒரே கோப்பையில் கிடைக்கின்றன.

தொழில்நுட்பம் எங்கே என்று கேட்பீர்கள். கைப்பேசி போதும். நான்கு கோப்பையில் ஒரே அளவு பால், வேறு வேறு அளவு காடி. பத்து விநாடிக்கு ஒரு படம் எடுத்துக் கோத்தால் எது முதலில் உறைகிறது என்று ஒரு நிமிடப் படத்தில் தெரியும். அதிலிருந்து வரைபடம் வரையலாம், தாத்தாவின் குரலையும் சேர்க்கலாம். தோட்டத்தில் பயன்படுத்தும் ஃபார்மிக் காடி தோலைச் சுடும், அதை மாணவர் கையில் கொடுக்காதீர்கள். வினிகர் போதும், கொஞ்சம் மெதுவாக உறையும், படம் எடுக்க அது வசதிதான்.