கையெழுத்துப் போடாத ஒப்பந்தம்: நெய்வேலியும் நம் தொழிலாளர் வரலாறும்

திருவண்ணாமலையில் நண்பர்கள் சிலர் கூடி கண்மணி குணசேகரனின் 'வந்தாரங்குடி' நாவலைப் பேசிக்கொண்டிருந்தோம். தொழிற்சங்கத்தில் நெடுநாள் வேலை செய்த தோழர் ஒருவர் குறுக்கிட்டார்: "நாவல் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நெலம் போனவன் கதை. நெய்வேலித் தொழிலாளி கதை இன்னும் வரலை." யாரும் மறுக்கவில்லை. நானும் தலையாட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். பிறகுதான் உறுத்தியது. நிலம் போனவன் வேறு, தொழிலாளி வேறு என்று பிரிக்க நமக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

நெய்வேலி பற்றிய அதிகாரபூர்வக் கதையாடல் எல்லோருக்கும் மனப்பாடம். கிணறு தோண்டிய ஜம்புலிங்க முதலியார், காமராஜர், 1956இல் நிறுவனம், 1957 மே மாதம் நேரு வந்து தொடங்கிவைத்த அகழ்வு, சோவியத் உதவியில் அனல்மின் நிலையம், ஜெர்மன் ராட்சச எந்திரம். இதில் தொழிலாளி எந்திரத்தின் அளவு தெரிவதற்காக அதன் பக்கத்தில் நிறுத்தப்பட்ட ஹெல்மெட் மனிதன். இதற்கு மாற்றாக நாம் சொல்லிவந்த கதை என்ன? ஊதிய ஒப்பந்தம், போனஸ், பதவி உயர்வு. நாயகன் மாறினானே தவிர கதை தொடங்குகிற இடம் மாறவில்லை. ஊர்கள் காலியான பிறகுதான் இரண்டுமே தொடங்குகின்றன.

நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். ஜாரியாபோல் பூமிக்குள் குடைந்து இறங்குகிற வேலை இல்லை. மேல்மண்ணைச் சீவி அப்புறப்படுத்த வேண்டும், அடியிலிருந்து முட்டுகிற நிலத்தடி நீரை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம்தான் பழுப்பு நிலக்கரி. பொறியாளரின் மொழியில் 'மேல்மண்' எனப்படுவது இன்னொருவன் மொழியில் கொல்லை, முந்திரித்தோப்பு, குலதெய்வம் நின்ற இடம். நிலத்தைப் பறிப்பது சுரங்கத்துக்கு முன்கதை அல்ல. அதுவே சுரங்கத்தின் முதல் வேலை, அது இன்றுவரை முடியவும் இல்லை. 'வந்தாரங்குடி'யைச் சுரங்க நாவலாகவே வாசிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். இதே ஆசிரியர் போக்குவரத்துக் கழகத்தின் தற்காலிகப் பணியாளர்களை வைத்து 'நெடுஞ்சாலை' எழுதியவர் என்பதையும் மறக்கக்கூடாது. இரண்டையும் சேர்த்து வாசித்த விமர்சனம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

நிலம் கொடுத்தால் வீட்டுக்கு ஒரு வேலை என்பது அந்தப் பக்கத்தின் பழைய கோரிக்கை. பலருக்குக் கடைசியில் கிடைத்தது 'ஒப்பந்தத் தொழிலாளி' என்ற பெயர். இந்தச் சொல்லைக் கொஞ்சம் கட்டுடைத்துப் பார்ப்போம். ஒப்பந்தம் நிறுவனத்துக்கும் கான்ட்ராக்டருக்கும் இடையில் நடப்பது. தொழிலாளி அதில் ஒரு தரப்பே இல்லை. எங்கேயும் கையெழுத்துப் போட்டதும் இல்லை. கான்ட்ராக்டர் மாறுவார், இவர் அதே இடத்தில் அதே வேலையில் இருப்பார். இன்னொரு பகுதியினரைக் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக்கினார்கள். இப்போது அவருக்கு முதலாளி யார்? ஒருவகையில் அவரேதான்! எந்த ஐரோப்பியத் தத்துவவாதியும் 'தன்னிலை'யை இத்தனை சுருக்காகக் கட்டமைத்துக் காட்டியதில்லை.

1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் ஒழிப்பையும் ஒழுங்குமுறையையும் ஒரே பெயரில் சுமந்தது. ஒப்பந்தமுறை தடைசெய்யப்பட்டாலும் நிறுவனம் அந்தத் தொழிலாளர்களைத் தானாகவே நிரந்தரமாக்க வேண்டியதில்லை என்று 2001இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மிஞ்சியது போராட்டம்தான். 2010இலும் 2014இலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆனால் தமிழகம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது 2013 ஜூலையில், பங்கு விற்பனைக்கு எதிரான வேலைநிறுத்தத்தை. எல்லாக் கட்சிகளும் வந்தன, மாநில அரசு நிறுவனங்களே பங்குகளை வாங்கிக்கொண்டன. அது தேவையான போராட்டம், குறை சொல்ல மாட்டேன். 2014 மார்ச்சில் இரண்டாம் சுரங்க வாசலில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக்காரர் ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரைச் சுட்டுக் கொன்றபோது அந்த அளவு கூட்டம் வரவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். 2020 ஜூலை 1 கொதிகலன் வெடிப்பில் அன்றே ஆறு பேர் செத்தார்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள். பிறகு ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவராகப் பத்தைத் தாண்டியது.

பிலாய் உருக்காலைக்கு இரும்புத்தாது வெட்டிய தல்லி ராஜ்ஹராவில் 1977இல் இதே பிளவு வந்தது. அங்கே ஒப்பந்தத் தொழிலாளர்கள் பழைய சங்கங்களை விட்டு வெளியேறித் தங்களுக்கென்று ஒன்று தொடங்கினார்கள். சங்கர் குஹா நியோகி அதற்குத் தலைமையேற்றார். 1991இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சங்கத்தின் கொடியில் இரண்டு நிறம். சிவப்பு தொழிலாளிக்கு, பச்சை விவசாயிக்கு. நம்மூரில் சிவப்புக்குப் பஞ்சமில்லை. பச்சையை யாரிடமோ கொடுத்துவிட்டோம், அவர்கள் அதைச் சாதிக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

2023 ஜூலைக் கடைசியில் வளையமாதேவியில் கதிர் வந்த நெல்வயலுக்குள் மண்வாரி எந்திரங்கள் இறங்கின. அதே நாட்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிரந்தரம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். செய்திகளில் ஒன்று விவசாயம், இன்னொன்று தொழிலாளர். இரண்டுக்கும் தனித்தனிக் கண்டன அறிக்கைகள், நம் தோழர்களுடையதும் அப்படித்தான்.

போன வாரம் அந்தத் தோழரைத் தேரடித் தெருவில் பார்த்தேன். இதையெல்லாம் சொன்னேன். "அப்ப அந்த நாவல மறுபடி படிக்கணும்ங்கறீங்களா?" என்றார். என் பிரதியைக் கொடுத்திருக்கிறேன். இன்னும் திரும்பி வரவில்லை.