நாடு என்ற சொல்: மலையக எழுத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

தேசப்பற்றுக் கவிதைகள் நமது சஞ்சிகைகளுக்குப் புதியவையல்ல. பெப்ரவரி 4 நெருங்கும்போது அவை வந்து சேரும். 2019 ஏப்ரல் 21க்குப் பின்னர் அவற்றின் தொகை மேலும் பெருகிற்று. பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றே. முதலில் அரபு வணிகர் கரையிறங்குவர். அடுத்து கண்டி மன்னர் முஸ்லிம்களை அரவணைப்பார். பின்னர் மர்ஹூம் டி.பி. ஜாயா சுதந்திரத்துக்காகக் குரல் கொடுப்பார். இறுதியில் "நாமும் இந்நாட்டவரே" என்ற பிரகடனம். சொல்லப்படும் வரலாற்றுச் செய்திகளில் பிழையில்லை. ஆனால் கவிதை எங்கே?

இவற்றை மனு என்றே சொல்லத் தோன்றுகிறது. மனு எழுதுகிறவனுக்கு எதிரில் ஒரு மேசை இருக்கிறது; மேசைக்கு அப்பால் ஓர் அதிகாரி இருக்கிறார். நமது கவிஞர் அந்த அதிகாரியைத் தன் வாசகராக வரித்துக்கொண்டுவிட்டார். அந்த அதிகாரி தமிழ்ச் சஞ்சிகை வாசிப்பதில்லை என்பது வேறு விடயம். "நீ யார், நிரூபி" என்ற கேள்வியை நியாயமானது என்று ஒப்புக்கொண்ட பிறகே இவ்வகைக் கவிதை தொடங்குகிறது. அதன் பலவீனம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

இக்கேள்வி நமக்கு அண்மையில்தான் உரத்துக் கேட்டது. நாம் அன்றாடம் கடந்து செல்லும் தோட்டங்களில் இருப்போரிடம் இது எழுபத்தைந்து வருடங்களுக்கு முன்பே சட்டமாக வந்து நின்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவனிடமே தன் தகப்பன் இங்கு பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததற்கு, ஆதாரம் கேட்டது. லயத்தில் பிறந்து லயத்தில் மடிந்த பூட்டனுக்கு எவன் கடதாசி எழுதி வைத்தான்? அடுத்த வருடம் வந்த சட்டத்தின் பெயர் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். அதிலுள்ள "பாகிஸ்தானிய" என்ற சொல்லை நம்மவர்கள் கவனிப்பதில்லை. கரையோரச் சோனகர் என்றும் சம்மாங்காரர் என்றும் அழைக்கப்பட்டு, மலைநாட்டு நகரங்களில் கடை வைத்திருந்த தென்னிந்திய முஸ்லிம்களும் அந்த வரிசையில் விண்ணப்பப் படிவத்தோடு நின்றவர்களே. தோட்டத்து மக்களின் கதையை அடுத்த வீட்டுக் கதையாக வாசிக்கும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

இச்சூழலில் பிறந்த எழுத்து தேசத்தை எப்படிப் பேசிற்று என்று பார்க்கப் புகுந்தால், முதலில் சொற்களையே பார்க்க வேண்டும். தோட்டத்துப் பேச்சில் "ஊர்" என்றால் கடலுக்கு அப்பால், திருச்சியிலோ புதுக்கோட்டையிலோ, பாட்டன் விட்டு வந்த கிராமம். "நாடு" என்றால் தோட்ட எல்லைக்கு வெளியே இருக்கும் சிங்களக் கிராமம். நாட்டுக்குப் போய் பலாக்காய் வாங்கி வருவார்கள். நாட்டு ஆட்கள் தோட்டத்துக்கு வந்து போவார்கள். தான் குடியிருக்கும் இடத்துக்கு "தோட்டம்" என்ற சொல் மட்டுமே. இங்கு வரும்போது பாடிய வாய்மொழிப் பாடல்களில் இத்தீவு கண்டிச்சீமை. ஊரும் தன்னுடையதாக இல்லை, நாடும் தன்னுடையதாக இல்லை. இரண்டுக்கும் நடுவே துரையின் தோட்டம். இவ்வளவு நுணுக்கமான அரசியல் வரைபடத்தை எந்தப் பண்டிதரும் வரைந்ததில்லை. பிரட்டுக் களத்தில் நின்ற மக்கள் பேச்சுவாக்கில் வரைந்துவிட்டார்கள்.

தெளிவத்தை ஜோசப் தமது சிறுகதைத் தொகுதிக்கு 1979இல் "நாமிருக்கும் நாடே" என்று பெயரிட்டபோது இந்தச் சொல் புதிய பாரம் பெற்றது. பாரதியின் சுதந்திரப் பள்ளில் வரும் தொடர் அது. அங்கே அது நம்முடையதே என்ற முடிவோடு நிறைவடைகிறது. ஜோசப் அந்த முடிவுக்கு முன்பே நிறுத்திக்கொள்கிறார். நாமிருக்கிறோம் என்பது உறுதி, நாடு எதிரே தெரிகிறது. "நமது" என்ற சொல் மட்டும் வரவில்லை. தொகுதி வந்த 1979இல் பல இலட்சம் பேருக்கு அந்தச் சொல்லை உச்சரிக்கச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. தலைப்பின் மௌனத்திலேயே ஒரு கட்டுரைக்குரிய செய்தி அடங்கியிருக்கிறது. ஜோசப்பின் சிறப்பு, அதை விளக்கி ஒரு முன்னுரைச் சொற்பொழிவு ஆற்றாமல் லயத்துக்குள் போய்விடுவது.

அவருக்கு முன்னோடி சி.வி. வேலுப்பிள்ளை. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் பாராளுமன்றம் சென்ற எழுவரில், தலவாக்கலைக்குத் தெரிவான சி.வி.யும் ஒருவர். 1952ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தபோது, அவர்களைத் தெரிவுசெய்த மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்குரிமையே இருக்கவில்லை. அந்த ஐம்பதுகளின் முற்பகுதியிலேயே சி.வி. தேயிலைத் தோட்டம் பற்றிய தமது நெடுங்கவிதையை ஆங்கிலத்தில் எழுதினார். பின்னர் சக்தீ பால ஐயா அதைத் தமிழாக்கினார். பதவியும் வாக்கும் பறிபோன ஒரு மக்கள் பிரதிநிதி எழுதிய கவிதை என்றால் நாம் எதிர்பார்ப்பது முறையீடு. சி.வி. முறையிடவில்லை. காட்டை அழித்து மலையைத் தேயிலையாக்கியவர்கள் அந்தத் தேயிலைத் தூரின் அடியிலேயே, பெயர் பொறித்த கல் ஒன்றுமின்றிக் கிடக்கிறார்கள் என்று காட்டுகிறார். சட்டம் கேட்ட பூட்டனின் சான்றிதழ் அலுமாரியில் இல்லை, மண்ணுக்குள் இருக்கிறது. இதைவிடப் பலமான பதில் எந்த மேடையிலும் சொல்லப்படவில்லை என்பேன்.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். 1974இல் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஊவாப் பக்கத்திலிருந்து தலைமன்னாருக்குப் போனவர்களின் புகையிரதம் எங்கள் பட்டிப்பொலயைத் தாண்டித்தான் போயிற்று. அந்த வண்டிக்கு மக்கள் வைத்த பெயர் "ஒப்பாரிக் கோச்சி". மு. சிவலிங்கம் அப்பெயரையே தமது கதைக்குச் சூட்டினார். இங்கே இந்தியாக்காரன் என்று சொல்லி அனுப்பப்பட்டவன், நீலகிரியில் இறங்கியதும் சிலோன்காரன் ஆனான். மண்ட்டோ பிரிவினையை வைத்து எழுதிய "டோபா டேக் சிங்" கதையில் பைத்தியக்கார விடுதி வாசிகளை இரு அரசுகள் பங்கு பிரிக்கின்றன. எந்தப் பக்கத்துக்கும் சேராத நிலத் துண்டில் கிழவன் பிஷன் சிங் விழுகிறான். இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் அப்படி ஒரு துண்டு நிலம் கூட இல்லை, கடல்தான்.

அதே 1964இல்தான் பலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் "அடையாள அட்டை" நூலில் வந்தது. தர்வீஷை நமது வாசகர்களுக்கு நெருக்கமாக்கியவர் எம்.ஏ. நுஃமான்; அவரது "பலஸ்தீனக் கவிதைகள்" 1981இல் வெளிவந்தது. அக்கவிதையிலும் மேசை உண்டு, அதிகாரி உண்டு. ஆனால் பேசுகிறவன் விசுவாசப் பிரமாணம் எடுப்பதில்லை. கல்லுடைக்கிறேன், இத்தனை பிள்ளைகள், இன்னொன்று வரப்போகிறது, எழுதிக்கொள் என்று கட்டளையிடுகிறான். விசாரிக்கிறவன் எழுத்தராகிவிடுகிறான். நம்மவர்கள் தர்வீஷை விரும்பி வாசிக்கிறார்கள், மேடையில் உருக்கமாக ஒப்பிக்கிறார்கள். சொந்தக் கவிதை எழுத உட்கார்ந்ததும் அவனுடைய தொனியை விட்டுவிட்டுக் கைகட்டி நிற்கிறார்கள். இது எனக்கு விளங்காத புதிர்.

நேரடியாக நாட்டைப் பேசாத கதைகளையும் இவ்விடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். என்.எஸ்.எம். ராமையாவின் "ஒரு கூடைக் கொழுந்து" பற்றி எழுதியவர்கள் அதன் உழைப்புச் சித்திரிப்பை மெச்சுவது வழக்கம். எனக்கு அது நிரூபணத்தின் கதை. ஒருத்தி பறித்த கொழுந்தின் நிறையை மற்றவர்கள் நம்ப மறுக்கிறார்கள். அவள் அழவில்லை, மனு எழுதவில்லை. தன் கையாலேயே மெய்ப்பிக்கிறாள். பிரஜாவுரிமை என்ற சொல் அக்கதையில் இல்லாவிட்டாலும், அதே சந்தேகத்தின் நிழலில் வாழ்ந்த ஒரு சமூகத்திலிருந்து வந்த கதை அது.

வகுப்பறையிலும் இதை அவதானிக்கிறேன். "என் தாய்நாடு" என்று கட்டுரை கொடுத்தால் முப்பது கொப்பியிலும் இந்து சமுத்திரத்தின் முத்து. "எங்கள் லயம்", "எங்கள் கடைவீதி" என்று கொடுத்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு மொழி வந்துவிடுகிறது. பாடத்திட்டம் முதலாவதைத்தான் கேட்கிறது, என்ன செய்ய?

மலையக எழுத்து முழுவதும் இந்த உயரத்தில் இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. வேலைநிறுத்த மேடைகளுக்காக எழுதப்பட்டு மேடையோடு முடிந்துபோன கவிதைகள் ஏராளம். தோட்டக் கதைகளில் முஸ்லிம் பாத்திரம் வந்தால் பெரும்பாலும் கடன் கொப்பியோடு இருக்கும் கடை நானாதான். அவரது வீட்டுக்குள் எழுத்தாளர் எட்டிப் பார்ப்பதில்லை. நமது கதைகளிலோ தோட்டத்துத் தொழிலாளி கடைப் பலகைக்கு அந்தப் பக்கத்தில் நிற்பவன் மட்டுமே. இரு சாராரும் ஒரே மழையில் நனைந்து, ஒரே சட்டத்தில் மாட்டுப்பட்டு, ஒருவரையொருவர் சம்பள நாளில் மட்டும் பார்த்திருக்கிறார்கள். நாவலப்பிட்டி தந்த ப. ஆப்தீன் போன்ற சிலர் இதற்கு விதிவிலக்கு. மலாய்க் குடும்பத்தில் பிறந்து தமிழில் எழுதிய அவருக்கு இன எல்லைகளின் இருபக்கமும் தெரிந்திருந்தது. அவரை நாம் போதியளவு பேசவில்லை. கண்டியில் இருந்துகொண்டு 1885இல் "அசன்பேயுடைய சரித்திரம்" எழுதிய அறிஞர் சித்தி லெப்பை கதையை எகிப்தில் தொடங்கியதில் ஒரு நியாயம் இருந்தது. அப்போது "இலங்கையர்" என்ற வார்ப்பே உருவாகவில்லை. நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு தோட்டத்து மக்களின் நாடற்ற நிலை சட்டப் புத்தகத்தில் முடிவுக்கு வந்தது. மண் பற்றிய கேள்வியோ பதினேழு வருடங்களில் நம்மைத் தேடி வந்தது. 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்தோரைத் தகனம் செய்தே ஆகவேண்டும் என்று வர்த்தமானி வந்தது. 2021 பெப்ரவரி இறுதிவரை நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டிவிட்டு மக்கள் பேசாமல் திரும்பினார்கள். அக்காலத்தில் எழுதப்பட்ட கவிதைகளை மீண்டும் எடுத்து வாசித்தேன். சேவைப் பட்டியல் போட்டவை இப்போதே வெளிறிவிட்டன. குளிப்பாட்ட முடியாமற்போன கைகளை, கிப்லாவை நோக்கித் திருப்பப்படாத முகத்தை, போடக் கிடைக்காத மூன்று பிடி மண்ணை மட்டும் சொன்ன சில கவிதைகள் அப்படியே இருக்கின்றன. அவற்றை எழுதியவர்கள் சி.வி.யை வாசித்திருக்கத் தேவையில்லை. ஆனால் சி.வி. நின்ற இடத்துக்கு அவர்கள் தாமாகவே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

பின்னர் ஒட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. தீவின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் ஜனாஸாக்கள் அங்கே கொண்டுபோகப்பட்டன. இந்தக் குளிர் மலையிலிருந்து அந்த வெயில் மணலுக்கு இறங்கும் பாதை நீண்டது. அந்த வாகனத்துக்குப் பின்னால் இன்னொரு வாகனத்தில் போன மகன் வழியில் எங்கே நிறுத்தித் தேநீர் குடித்தான், சாரதியோடு என்ன மொழியில் பேசினான், திரும்பி வரும்போது சப்பாத்தில் ஒட்டியிருந்த மணலை என்ன செய்தான் என்று ஒருவர் எழுத வேண்டும். அதில் நாடு என்ற சொல் ஒருமுறைகூட வரத் தேவையில்லை.