ஐந்து குணங்கள், மூன்று வரைபடங்கள்: ஆர் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன்

ஆளுமைக் கேள்வித்தாளின் மதிப்பெண்களைப் படமாகப் போட வேண்டும் என்றதும் பலர் கை சிலந்திவலைப் படத்துக்குத்தான் போகிறது. அது சரிதானா என்று பார்க்க, ஒரே தரவை ஆர் மென்பொருளில் மூன்று விதமாக வரைந்தேன். 'பிஎஃப்ஐ' என்ற அந்தத் தரவில் 2,800 பேர், ஐந்து குணங்களை அளக்கும் 25 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை பதில். வில்லியம் ரெவெல்லின் 'சைக்' பேக்கேஜோடு வந்தது, இப்போது 'சைக்டூல்ஸ்' பேக்கேஜில் கிடைக்கிறது. எல்லாமே இலவசம்.

வரைவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. முதல் வாக்கியம், பிறர் மனநிலையைப் பற்றி எனக்கு அக்கறையில்லை என்ற பொருள் கொண்டது. அளப்பது இணக்கத்தை, ஆனால் தலைகீழாக. அதன் சராசரி 2.41, ஒவ்வொரு பதிலையும் 7-இலிருந்து கழித்தால் 4.59. இப்படி ஏழு வாக்கியங்கள் இருக்கின்றன. 'ஸ்கோர்ஐட்டம்ஸ்' கட்டளையில் அவற்றின் பெயருக்கு முன் கழித்தல் குறி போட்டால் போதும், திருப்பிக்கொள்ளும். கவனிக்க: பதில் சொல்லாத இடங்களில் அது தானாகவே இடைநிலை மதிப்பை நிரப்பிவிடும்.

முதலில் பட்டை வரைபடம். ஐந்து சராசரிகள் தெரிந்தன, மனிதர்கள் தெரியவில்லை. அடுத்து சிலந்திவலை. பார்க்க அழகு. ஆனால் குணங்களின் வரிசையை மாற்றிப் போட்டேன்; மதிப்பெண் அப்படியே இருக்க, வலையின் வடிவமும் பரப்பளவும் மாறிவிட்டன. நம் கண் பரப்பைத்தானே முதலில் பார்க்கிறது! ஆய்வு முடிவைச் சொல்ல இதை நம்ப முடியாது.

மூன்றாவது, 'ஜிஜிபிளாட்2'-இல் வயலின் வரைபடம். உள்ளே ஒல்லியாக ஒரு பெட்டி. இதில்தான் விஷயம் வெளியே வந்தது. புதுமை நாட்டம் மேல்பக்கம் கொழுத்து நிற்கிறது. மனப்பதற்றமோ அடியிலிருந்து உச்சிவரை நீண்டு கிடக்கிறது. அதன் சராசரி ஏறக்குறைய 3.2, அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்தால், சற்றும் பதறாதவரும் எந்நேரமும் பதறுபவரும் நம் கண்ணில் படவே மாட்டார்கள்.

வரைபடத்தில் தமிழில் பெயரிட விரும்புவோர் 'ராக்' பேக்கேஜ் வழியே பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். கொம்பும் காலும் இடம் மாறாமல் விழும். வழக்கமான பிடிஎஃப் கட்டளை தமிழுக்கு உதவாது.

கட்டளைகளைப் பழக ஒரு வாரம் பிடிக்கலாம். ஆய்வேட்டில் சிலந்திவலை வைத்திருக்கும் மாணவர்கள், சமர்ப்பிக்கும் முன் அதே எண்களை வயலினாக ஒருமுறை வரைந்து பாருங்கள்.