நான்கு நிமிடச் சுவர்: ஒரு மறுவிசாரணை

இலக்கியத்தையும் கலையையும் சமுதாயப் பின்னணியில் வைத்து ஆராயும் நமது விமர்சகர்கள் விளையாட்டு மைதானத்தை மட்டும் பத்திரிகை நிருபர்களிடமே விட்டுவிடுகின்றனர். ஓடுவதும் தாண்டுவதும் உடலின் காரியங்கள். அங்கே வர்க்கத்துக்கும் சொத்துக்கும் என்ன வேலை என்று எண்ணுவோர் முற்போக்காளரிடையேயும் உளர். ஆனால், மைதானத்திலே நிகழ்வது ஒன்று. அது கதையாகி மக்களிடையே வழங்குவது மற்றொன்று. கதையாகும்போது எது சேர்க்கப்படுகிறது, எது விடப்படுகிறது என்பது தற்செயலாக அமைவதன்று. ஆகவே, மைதானத்துக் கதைகளும் விமர்சனத்துக்கு உரியனவே.

அத்தகைய கதைகளுள் ஒன்று ஆசிரியர்களும் மாணவர்களும் நன்கறிந்தது. 1954 மே 6ஆம் திகதி ஒக்ஸ்போர்டில் இப்லி வீதி மைதானத்தில் ரொஜர் பனிஸ்டர் என்னும் மருத்துவ மாணவர் ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடி முடித்தார். நான்கு நிமிடத்துக்குள் மைல் ஓடுவது மனிதனால் ஆகாது என்று உலகம் நம்பியிருந்ததாம். பனிஸ்டரின் மனவுறுதி அந்நம்பிக்கையைத் தகர்த்ததாம். சுவர் இருந்தது மனிதரின் கால்களில் அன்று, மனத்திலேயாம். மாணவருக்கு ஊக்கமூட்டும் மேடைப் பேச்சுகளிலும், வெற்றிக்கு வழிகாட்டுவதாகக் கூறும் நூல்களிலும் இக்கதை இன்றும் தவறாது இடம்பெறுகின்றது.

பனிஸ்டரின் சாதனையை ஐயுறுவார் இலர். ஆனால், அச்சாதனைக்கு முன்னிருந்த பதினிரண்டு ஆண்டுகளை நோக்குமிடத்து இக்கதையின் அத்திவாரமே ஆட்டங்காணுகின்றது. 1937இல் இங்கிலாந்தின் சிட்னி வூடர்சன் நிலைநாட்டிய மைல் சாதனை 4 நிமிடம் 6.4 செக்கன். 1942 யூலைக்கும் 1945 யூலைக்கும் இடைப்பட்ட மூன்றே ஆண்டுகளில் இரண்டு சுவீடன் நாட்டவர்கள் ஒருவரையொருவர் முந்தி அதனை 4 நிமிடம் 1.4 செக்கனுக்குக் கொண்டுவந்தனர். மூன்றாண்டில் ஐந்து செக்கன்! நான்கு நிமிடத்தை எட்ட எஞ்சியிருந்தது ஒன்றரைச் செக்கனுக்கும் குறைவே. அதன்பின் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அச்சாதனை அசையாது நின்றது. இவ்வளவு விரைவாகத் தேய்ந்துவந்த நேரம் திடீரென ஏன் நின்றது? மனத்தில் இருந்த சுவர்தான் காரணமெனில், அம்மனிதர்கள் இருவரும் அச்சுவரை நோக்கி அவ்வளவு வேகமாக ஓடிவந்தது எங்ஙனம்?

அவ்விருவருள் ஒருவர் குந்தர் ஹெக். மற்றவர் ஆர்னே அண்டர்சன். அண்டர்சன் பள்ளிக்கூட ஆசிரியர். ஹெக் 1918 டிசெம்பர் 31இல் சுவீடனின் வடபகுதியான யெம்ட்லண்டில் மரம்வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். தாமும் இளமையில் காட்டில் உழைத்தவர். அவர் முதன்முதலில் நேரங்குறித்து ஓடியது காட்டுப்பாதையிலேயே. தூரத்தை அளந்து நேரம் பார்த்தவர் தந்தை. பின்னர் யெவ்லே நகரில் தீயணைப்புப் படை வீரராகத் தொழில் செய்தார். பனி மூடிய பாதைகளிலும் காட்டின் மேடுபள்ளங்களிலும் ஓடியே அவர் தமது உடலைப் பக்குவப்படுத்தினார்.

1941இல் 1500 மீற்றரில் உலக சாதனை படைத்த சிறிது காலத்திலேயே, ஓடுவதற்குப் பணம் பெற்றார் என்ற குற்றச்சாட்டின்பேரில் ஹெக்குக்குத் தடை விதிக்கப்பட்டது. தடை நீங்கியதும், 1942 யூலை 1ஆம் திகதி அவர் மைல் சாதனையை முறியடித்தார். அன்றுமுதல் செப்டெம்பர் 20 வரையுள்ள 82 நாள்களில் ஏழு வெவ்வேறு தூரங்களில் பத்து உலக சாதனைகள் அவர் கணக்கில் சேர்ந்தன. அவற்றுள் 5000 மீற்றரை 14 நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர் என்னும் பெருமையும் ஒன்று. அண்டர்சனும் சளைத்தவரல்லர். 1943இல் 4 நிமிடம் 2.6 செக்கன், 1944இல் 4 நிமிடம் 1.6 செக்கன் என மைல் சாதனையைத் தம்வசமாக்கிக்கொண்டார். 1945 யூலை 17இல் மால்மோ நகரில் ஹெக் அதனை மீட்டார்.

சுவீடன் போரில் நடுநிலை வகித்த நாடு. ஏனைய நாட்டு வீரர்கள் போர்முனையில் இருக்கையில் இவர்கள் தடையின்றி ஓடினர் என்று ஒரு சமாதானம் கூறப்படுவதுண்டு. அது உண்மையே. ஆனால், அவ்வுண்மை நமது வாதத்துக்கே துணைசெய்கின்றது. உணவும் ஓய்வும் அமைதியும் நல்ல போட்டியாளரும் கிட்டிய இடத்தில் நேரம் குறைந்தது. கிட்டாத இடத்தில் குறையவில்லை. சாதனை என்பது தனிமனிதரின் நெஞ்சில் மட்டும் விளைவதன்று. ஒரு சமுதாயம் அவருக்கு அளிக்கும் வாய்ப்பிலும் விளைவது.

அவ்வாய்ப்பு எவ்வாறு பறிக்கப்பட்டது என்பதே கதை சொல்வோர் விட்டுவிடும் பகுதி. இவ்விருவரும் ஓடிய மைதானங்களில் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். நுழைவுச்சீட்டுப் பணம் குவிந்தது. அப்பணத்தில் ஒரு சிறு பங்கு, வெளிவெளியாக அன்றி, ஓடியவர்களின் கைக்கும் வந்தது. அதுவே குற்றமாயிற்று. 1946இல் ஹெக், அண்டர்சன், அவர்களுடைய நாட்டவரான ஹென்றி கேலார்னே ஆகியோர் ஆயுட்காலத் தடைக்கு உள்ளாயினர். ஹெக்குக்கு அப்போது வயது 27. போரினால் 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறாது போயின. 1948இல் லண்டனில் போட்டி நடந்தபோது சட்டம் அவர்களுக்கு வாயிலை அடைத்திருந்தது. உலகின் தலைசிறந்த நடுத்தூர ஓட்டவீரர் ஒருவர் ஒரு ஒலிம்பிக் பந்தயத்தைக்கூட ஓடாமலே ஓய்வு பெற்றார். அவர் தொடர்ந்து ஓடியிருந்தால் நான்கு நிமிடத்தைத் தாண்டியிருப்பாரா? எவராலும் அறுதியிட்டுக் கூறவியலாது. ஆனால், அச்சுவருக்கு மிக அருகே வந்தவர்கள் வெளியேற்றப்பட்டனர் என்பது வரலாறு.

‘அமெச்சூர்’ விதி எனப்படும் இச்சட்டத்தின் பிறப்பை நோக்கினால் அதன் வர்க்க முகம் தெளிவாகும். 1866இல் இங்கிலாந்திலே தோன்றிய அமெச்சூர் மெய்வல்லுநர் கழகம், கைவினைஞரும் இயந்திரத் தொழிலாளரும் கூலியாட்களும் அமெச்சூர்கள் ஆகார் என்று எழுத்திலேயே விதித்தது. 1880இல் புதிய சங்கம் அமைந்தபோது அவ்வாசகம் நீங்கிற்று. ஹென்லி படகுப் போட்டியிலோ உடலுழைப்பாளரை விலக்கும் விதி 1937 வரை நிலைத்தது. கூலியாள் ஓடலாகாது என்று கூறுவது நாகரிகமற்றது என்று உணர்ந்த பின்னர், ஓடிப் பிழைப்பவன் ஓடலாகாது என்று கூறினர். சொற்கள் மாறின, வேலை மாறவில்லை.

இவ்விதி செல்வனுக்கும் வறியவனுக்கும் ஒன்றே போலத் தோன்றும். அதன் தந்திரமும் அதுவே. ஓட்டவீரனுக்கு முதலில் வேண்டியது நேரம். பயிற்சிக்கு நேரம், பயணத்துக்கு நேரம், ஓய்வுக்கு நேரம். பரம்பரைச் சொத்து உள்ளவனுக்கு அந்நேரத்தை வேறொருவரின் உழைப்பு ஈட்டித் தருகின்றது. அவன் பணம் வாங்காமல் ஓடுவது எளிது. அதனை அவனது பண்பு என்று உலகம் போற்றுகின்றது. காட்டுத் தொழிலாளியோ ஒரு நாள் வேலையை விட்டு ஓடினால் ஒரு நாட் கூலியை இழக்கிறான். இழந்ததை அவன் ஈடுசெய்துகொண்டால் அது இழுக்கு என்கிறது அதே உலகம்.

இவ்விதியின் காவலர்கள் யாவர்? 1912இல் சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம் அமைந்தது முதல் 1946 வரை அதன் தலைவராக இருந்தவர் சிக்பிரிட் எட்ஸ்ட்ரோம். சுவீடனின் பெரும் மின்பொறித் தொழில் நிறுவனமான ஆசியாவை நடத்திய தொழிலதிபர். ஹெக் தண்டிக்கப்பட்ட அதே 1946இல் அவர் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவரானார். 1952இல் அவரைத் தொடர்ந்து அப்பதவியேற்று இருபதாண்டு ஆண்ட அவெரி பிரண்டேஜ் சிக்காகோவில் கட்டட ஒப்பந்தத் தொழிலால் பெருஞ்செல்வரானவர். தண்டிக்கப்பட்டவரின் பட்டியலையும் இதனருகே வைத்துப் பார்ப்பது தகும். சிறு ஊதியத்துக்கு பேஸ்போல் ஆடினார் என்பதற்காக 1913இல் பதக்கங்களை இழந்த அமெரிக்கப் பழங்குடி மகன் ஜிம் தோர்ப். 1932இல் விலக்கப்பட்ட பின்லாந்தின் பாவோ நூர்மி. அதே ஆண்டில் விலக்கப்பட்டவரும், 1500 மீற்றரை 3 நிமிடம் 50 செக்கனுக்குள் ஓடிய முதல்வருமான பிரான்சின் ஜூல் லடுமேக். 1956இல் செலவுப் பணம் கூடுதலாகப் பெற்றார் என்று தடைசெய்யப்பட்ட அமெரிக்க மைல் வீரர் வெஸ் சான்டி. இறுதியில் குறிப்பிட்டவர், நான்கு நிமிடத்தை முதலில் தாண்டுவார் என்று பனிஸ்டரோடும் அவுஸ்திரேலியரான ஜோன் லண்டியோடும் ஒருங்கே எதிர்பார்க்கப்பட்டவர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதனாற் பனிஸ்டரை நாம் குறைகூறுவதாகக் கருதலாகாது. அவர் சீமான் வீட்டுப் பிள்ளையல்லர். மருத்துவமனைப் படிப்பின் இடையே மதிய வேளையில் கிடைத்த சிறு பொழுதிலே பயிற்சி செய்தவர். உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் முறையைத் தாமே ஆராய்ந்து அவ்வறிவை ஓட்டத்துக்குப் பயன்படுத்தியவர். எனினும், அவரது பந்தயமும் தனிமனித வெற்றியன்று. கிறிஸ் பிரஷர் முதலிலும் கிறிஸ் சட்டவே பின்னரும் முன்னோடி வேகம் வகுத்துக் கொடுத்தனர். பிரான்ஸ் ஸ்டாம்பிள் என்ற ஒஸ்திரியர் பயிற்சியில் வழிகாட்டினார். கூட்டு உழைப்பின் விளைவை ஒருவரின் மனவலிமையாகச் சுருக்கியது பனிஸ்டர் அல்லர், கதை கட்டியோரே. 1954ஆம் ஆண்டோடு அவர் ஓட்டத்தைத் துறந்து நரம்பியல் மருத்துவராகப் புகழுடன் வாழ்ந்தார். அவர் மைதானத்தைவிட்டு நடந்து சென்றார். ஹெக் வெளியே தள்ளப்பட்டார். ஒருவருக்குப் போவதற்கு வேறோர் இடம் இருந்தது என்பதே இருவரிடையுள்ள வேறுபாடு.

அதே 1954 மே மாதத்தில் ஹெக்கின் மற்றொரு பெருஞ்சாதனையும் வீழ்ந்தது. மே 30இல் செக்கோசிலோவாக்கியரான எமில் சாட்டோபெக் 5000 மீற்றரை 13 நிமிடம் 57.2 செக்கனில் ஓடி, பன்னிரண்டு ஆண்டுப் பழைய நேரத்தை ஒரு செக்கனால் முறியடித்தார். சப்பாத்துத் தொழிற்சாலைத் தொழிலாளியாய் இருந்து இராணுவ அதிகாரியானவர் அவர். தொழிலாளிக்கு ஓடும் நேரத்தைச் சோசலிச அரசு வழங்கியது. இது பெரிய காரியம். ஆனால், உண்மையை முழுவதும் கூறுவதே நமது கடமை. வீரரை இராணுவத்தவர் என்று பதிவுசெய்து அமெச்சூர் என்று உலகுக்குக் காட்டியது அதே பொய்யான விதிக்கு வளைந்து கொடுத்ததேயாகும். மேலும், 1968இல் பிராக் நகரின் சீர்திருத்த இயக்கத்தை ஆதரித்த சாட்டோபெக் தமது பதவியை இழந்து கடும் உடலுழைப்புக்கு அனுப்பப்பட்டார். ஓடுபவனின் வாழ்வு அவனது உரிமையாகாமல் பிறர் தயவில் தங்கியிருக்கும்வரை, தயவு காட்டுபவர் சீமானாயினும் அரசாயினும் ஆபத்து ஒன்றே.

‘மனச்சுவர்’ என்னும் கதை செய்யும் வேலை இப்போது தெளிவாகின்றது. சட்டப் புத்தகத்தில் இருந்த சுவரை அது மனிதரின் நெஞ்சுக்கு இடம்மாற்றுகின்றது. விலக்கப்பட்டவர்கள் மறைகின்றனர், விலக்கியவர்களும் மறைகின்றனர், எஞ்சுவது துணிந்த ஒருவரும் துணியாத உலகமும். இதனை வகுப்பறையிற் கேட்கும் வறிய மாணவன் கற்றுக்கொள்வது யாது? தனக்குப் புத்தகம் இல்லாமையும், வயிறு நிறையாமையும், பாடசாலை முடிந்ததும் வேலைக்குப் போகவேண்டியிருப்பதும் காரணங்களே அல்ல; தனது மனவுறுதி குறைந்ததே காரணம் என்பதையே. இதைவிடக் கொடிய பாடம் ஒன்று உண்டா?

1974இல் ஒலிம்பிக் சாசனத்திலிருந்து ‘அமெச்சூர்’ என்ற சொல் நீங்கியது. 1982இல் தோர்ப்பின் வெற்றிகளும் மீள ஏற்றுக்கொள்ளப்பட்டன. அவர் இறந்து 29 ஆண்டுகளின் பின்னர்! 2024 பாரிஸ் போட்டியில் மெய்வல்லுநர் பந்தயங்களில் முதலிடம் பெற்ற ஒவ்வொருவருக்கும் 50,000 டொலர் பரிசு வழங்கப்பட்டது. ஹெக்கை ஆயுள்முழுதும் விலக்கிய செயல் இன்று மேடையேற்றிப் பாராட்டப்படும் செயலாயிற்று. எனின், அது என்றுமே அறநெறியாய் இருக்கவில்லை. ஒரு காலத்து ஆளும் வர்க்கத்தின் வசதியாகவே இருந்தது. பரிசுப் பணத்தாலும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. வென்ற பின்னரே அப்பணம் வருகின்றது. வெல்வதற்கு முன் வேண்டிய நேரத்தையும் உணவையும் அது யாருக்கும் வழங்குவதில்லை.

2004இல் ஹெக் காலமானார். 2009இல் அண்டர்சனும் மறைந்தார். இவர்களுடைய பெயர்களைப் பாடசாலைகளில் எவரும் கூறுவதில்லை. நான்கு நிமிட மைலைப் பற்றி இனிப் பேசும் ஆசிரியர்கள் பனிஸ்டரின் பெயரை விடவேண்டியதில்லை. மரம்வெட்டியின் மகனையும், தம்மைப்போல் வகுப்பறையில் நின்று கற்பித்த அந்த ஆசிரியரையும் அவருக்கு முன்னே நிறுத்தினாற் போதும். அந்த ஒன்பதாண்டு மௌனம் எதனால் என்று மாணவர்கள் தாமே கேட்பர்.