ஒரே லிங்கர் ஸ்கிரிப்ட் போதுமா?

யூ-பூட்டில் ரிஸ்க்-ஃபைவ் லிங்கர் ஸ்கிரிப்ட் முதலில் ஒரு குறிப்பிட்ட சிபியுவின் ஃபோல்டருக்குள் கிடந்தது. 2018-ல் அதை வெளியே எடுத்து எல்லா ரிஸ்க்-ஃபைவ் சிப்புகளுக்கும் பொதுவாக வைத்தார்கள். சின்ன மாற்றம்தான், ஆனா சரியான மாற்றம். ஐஐடி மெட்ராஸின் சக்தி மாதிரி புதுசாக வருகிற ப்ராசஸர்களுக்கு இதில்தான் லாபம்.

எப்படிப் பகிர முடிகிறது? அந்த ஃபைலில் எந்த போர்டோட மெமரி முகவரியும் இல்லை. அது கான்ஃபிகிலிருந்து, லிங்க் பண்ணும்போது வருகிறது. ஸ்கிரிப்ட் சொல்வது வரிசையை மட்டும்: ஸ்டார்ட் கோடு முதலில், பிறகு டேட்டா, டிரைவர் பட்டியல், கடைசியில் பிஎஸ்எஸ்.

காப்பி அடித்து வைத்தால் என்ன நஷ்டம்? 2012-ல் கமாண்டுகளை லிங்கர் லிஸ்டுக்கு மாற்றியபோது, போர்டு போர்டாகச் சிதறிக்கிடந்த ஸ்கிரிப்டுகளைத் தேடித்தேடித் திருத்த வேண்டியிருந்தது. ஒன்றில் 'கீப்' விட்டுப்போனால், யாரும் கூப்பிடாத செக்‌ஷன் என்று லிங்கர் அந்தப் பட்டியலைத் தூக்கிவிடலாம். எரர் வராது, பூட் ஆன பிறகு கமாண்டு இருக்காது, அவ்வளவுதான்.

எஸ்பிஎல் கதை வேறு. கோடு சின்ன எஸ்ரேமில், பிஎஸ்எஸ் வேறு இடத்தில் என்று வைக்க வேண்டியிருக்கும். அதற்குத் தனி ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறார்கள். அதையும் இதிலேயே திணித்து இஃப்டெஃப் போட்டு நிரப்பாமல் விட்டதுதான் எனக்குப் பிடித்தது.