படத்தில் இல்லாத பாட்டி

கண்ணை மூடிக்கொண்டு 'ஆப்பிரிக்கா' என்று ஒரு தரம் சொல்லிப் பாருங்கள். முதலில் என்ன வருகிறது? சிங்கமும் யானையும் வந்தால் நீங்கள் டிஸ்கவரி சேனல் கட்சி. மற்றவர்களுக்கெல்லாம் வருவது ஒரு குழந்தை. வயிறு உப்பி, விலா எலும்பு தெரிய, கண்ணோரத்தில் ஈ உட்கார்ந்திருக்க, காலித் தட்டோடு நம்மையே பார்க்கிற குழந்தை. அதற்குப் பெயர் கிடையாது. ஊர் கிடையாது. முக்கியமாக, பக்கத்தில் யாரும் கிடையாது.

நாம் யாரும் உகாண்டாவுக்கும் கென்யாவுக்கும் போய் இதைப் பார்த்துவிட்டு வரவில்லை. நன்கொடை கேட்கிற நோட்டீஸ்களும் காலண்டர்களும் டி.வி. விளம்பரங்களும் நம் மனசில் மாட்டிவிட்டுப் போன படம் இது. இதில் கிறிஸ்தவ தொண்டு நிறுவனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பாப் பியர்ஸ் 1950இல் தொடங்கிய 'வேர்ல்டு விஷன்', எவரெட் ஸ்வான்சன் 1952இல் தொடங்கிய 'கம்பாஷன்' இரண்டுமே முதலில் கையிலெடுத்தது கொரியப் போரில் தவித்த பிள்ளைகளை. மாதாமாதம் இவ்வளவு பணம் அனுப்புங்கள், உங்களுக்கென்று ஒரு குழந்தையின் போட்டோ வரும், கடிதம் வரும். அமெரிக்காவில் எத்தனையோ வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இந்த போட்டோக்கள் ஒட்டியிருக்கின்றன. அதே ஏற்பாடுதான் பிறகு ஆப்பிரிக்காவுக்கும் போனது, நம்மிடமும் வந்தது.

நல்ல காரியம்தானே, இதில் என்ன குறை கண்டுபிடித்தாய் என்கிறீர்களா? பணத்தில் குறை இல்லை. படத்தில் இருக்கிறது.

1993இல் சூடானில் கெவின் கார்ட்டர் எடுத்த படம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். குழந்தை தரையில் சுருண்டு கிடக்கிறது. சற்றுத் தள்ளி ஒரு பிணந்தின்னிக் கழுகு காத்திருக்கிறது. 1994இல் புலிட்சர் பரிசு வாங்கிய படம். உலகமே கேட்டது: 'அந்தப் பெண் குழந்தை என்ன ஆனாள்?' எல் முண்டோ என்ற ஸ்பெயின் பத்திரிகை 2011இல் தேடிப் போய் விசாரித்தது. பெண் குழந்தையே இல்லை, பையன். பெயர் கோங் நியோங். அந்தப் பஞ்சத்தில் பிழைத்து, பல வருஷம் கழித்துக் காய்ச்சலில் இறந்திருக்கிறான். இதைச் சொன்னவர் அவனுடைய அப்பா! படம் எடுத்த நேரத்தில் பெற்றவர்கள் உணவு வாங்க ஐ.நா. விமானத்தடிக்குப் போயிருந்தார்கள் என்று கார்ட்டருடன் போன போட்டோகிராஃபர் ஜுவாவ் சில்வா சொல்லியிருக்கிறார். உதவி மையத்தில் கட்டிவிட்ட பட்டை குழந்தையின் கையில் இருப்பது படத்திலேயே தெரியும்.

பசி நிஜம். 'இவனுக்கு யாருமே இல்லை' என்பது மட்டும் கேமராவின் நாலு மூலைக்குள் நடந்த வேலை.

ஆப்பிரிக்கா சமாச்சாரம் நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கொஞ்ச காலம் உலகத்துக்கு அந்தப் படமாக இருந்தது நாம்தான். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். பக்கத்திலேயே காரைக்கால். கிளிஞ்சல்மேடு, காசாக்குடிமேடு, கருக்களாச்சேரி, பட்டினச்சேரி என்று கடலை ஒட்டிய ஊர்களில் எல்லாம் அலை புகுந்தது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் காரைக்கால் கரைக்காரர்கள்.

'சுனாமி அநாதை' என்ற வார்த்தை அப்போதுதான் பிறந்தது. தத்து எடுக்க வரிசை, இல்லம் கட்ட வரிசை. அதே சுனாமியில் அழிந்த இந்தோனேஷியாவின் ஆச்சேயில் என்ன நடந்தது தெரியுமா? அமெரிக்காவில் விர்ஜினியாவைச் சேர்ந்த 'வேர்ல்டுஹெல்ப்' என்ற மிஷனரி அமைப்பு, 300 முஸ்லிம் குழந்தைகளை ஜகார்த்தாவில் ஒரு கிறிஸ்தவ இல்லத்தில் வைத்து வளர்க்கப் போவதாகச் சொல்லி நிதி திரட்டியது. 2005 ஜனவரியில் விஷயம் வெளியே வந்தது; அந்த நாட்டு அரசு முடியாது என்றது; திட்டம் கைவிடப்பட்டது. குழந்தைகளுக்கு மாமா, அத்தை யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று தேடி முடிப்பதற்குள் கட்டில் போட்டுவிடுகிற அவசரம்! மதத்தை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் அந்த அவசரம் தப்புதான்.

நம் பக்கத்தில் தமிழக அரசு உடனே தத்துக் கொடுப்பதை நிறுத்தி வைத்தது. நாகையில் அன்னை சத்யா காப்பகத்தை அரசே நடத்தியது. அங்கே வளர்ந்த ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு, சுனாமி நேரத்தில் கலெக்டராக இருந்த ஜெ.ராதாகிருஷ்ணன் 2022இல் வந்து நின்றார். பதினேழு வருஷம் தொடர்ந்து வந்த ஒரு உறவு. அப்படிப்பட்ட இல்லத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால், கருக்களாச்சேரி மாதிரி ஒரு மீனவ ஊரை நினைத்துப் பாருங்கள். பாதி ஊர் சொந்தம், மீதி ஊர் சம்பந்தம். அம்மா போனால் சித்தி இருக்கிறாள், அப்பா போனால் தாய்மாமன் இருக்கிறார். யாரும் இல்லாவிட்டால், மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய் விற்றுவிட்டு வருகிற அப்பாயி இருக்கிறாள். அன்றைக்கு அவர்களிடம் இல்லாமல் போனது பாசம் இல்லை சார், படகு. வலை. கூரை. அவற்றைத் திருப்பிக் கொடுத்தால் பிள்ளையை அவர்களே வளர்த்துவிடுவார்கள்.

ஆப்பிரிக்காவிலும் அச்சு அசலாக இதே கதைதான். எய்ட்ஸ் ஒரு தலைமுறை அப்பா அம்மாக்களை வாரிக்கொண்டு போனபோது, பிள்ளைகளில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது பாட்டி வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும்.

இதில் கணக்கும் ஒன்று இருக்கிறது. பெற்றோரில் ஒருவர் இறந்தாலே யுனிசெஃப் கணக்கில் அந்தக் குழந்தை 'ஆர்ஃபன்'. அப்படி எண்ணினால் 2015இல் உலகத்தில் ஏறத்தாழ 14 கோடி. இரண்டு பேரையும் இழந்தவர்கள் அதில் சுமார் ஒன்றரைக் கோடிதான். நாம் 'ஆர்ஃபன்' என்பதை 'அநாதை' என்று மொழிபெயர்த்து விடுகிறோம். அநாதை என்றால் நாதியற்றவன். அப்பா இல்லாத பிள்ளையை, அம்மா கண்ணெதிரே நிற்கும்போது நாதியற்றவன் என்று நம் ஊரில் சொல்லிப் பாருங்கள், விளக்குமாறு வரும். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நாலு பேருக்காவது பெற்றவர்களில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று 2009இல் 'சேவ் த சில்ட்ரன்' சொன்னது.

பின்னே ஏன் கட்டடம் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள்? கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு. கல்வெட்டில் பெயர் போடலாம். பாட்டிக்குக் கல்வெட்டு வைக்க முடியாதே! கட்டில் போட்டுவிட்டால் அதை நிரப்பப் பிள்ளை வேண்டும். மாமல்லபுரத்து இல்லங்களைப் பற்றி 2007இல் வந்த ஒரு பத்திரிகைக் கட்டுரையில் ஆரம்பித்தது சுப்ரீம் கோர்ட் வழக்கு. பெயரே 'தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது'. தீர்ப்பு வந்தது 2017 மே மாதம். எல்லா இல்லங்களும் பதிவு செய்தாக வேண்டும், எல்லாப் பிள்ளைகளையும் இல்லத்தில்தான் வைக்க வேண்டும் என்பதில்லை, வேறு வழிகளையும் பாருங்கள் என்றது கோர்ட்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் அது நியாயமாகாது. கம்பாஷன் அமைப்பின் உதவியில் வளர்ந்தவர்களை இந்தியா, கென்யா, உகாண்டா உட்பட ஆறு நாடுகளில் ஆராய்ந்து, புரூஸ் வைடிக்கும் மற்ற இருவரும் 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உதவி பெற்ற பிள்ளைகள் மற்றவர்களைவிட ஒரு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷம் வரை கூடுதலாகப் படித்திருக்கிறார்கள். லேசான விஷயமில்லை. கவனியுங்கள், இந்தப் பிள்ளைகள் இல்லத்தில் அடைபட்டவர்கள் அல்ல. சொந்த வீட்டில் தூங்கி, பக்கத்துச் சர்ச்சில் சாப்பாடும் பாடமும் பெற்றவர்கள்.

ஆனால் அந்த ஏற்பாட்டிலும் முடிச்சு போட்டோவில்தான். அரசு கெடுபிடியால் கம்பாஷன் 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டுக் கிளம்பியது. ஏறத்தாழ 1,45,000 குழந்தைகளுக்கு ஸ்பான்சர் நின்றுபோனது. அரசு செய்தது சரியா தப்பா என்பது தனிக் கச்சேரி. எங்கோ ஒரு வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிய போட்டோவை நம்பி ஒரு பிள்ளையின் படிப்பு தொங்கினால் இதுதான் ஆபத்து.

கென்யா வேறு வழியில் போனது. அப்பா அம்மா இல்லாத பிள்ளைகளை வளர்க்கும் குடும்பத்துக்கே பணம் கொடுக்கிற திட்டத்தை 2004இல் சின்ன அளவில் ஆரம்பித்தது. போட்டோ தேவையில்லை, பாட்டி கையில் காசு. இங்கேயும் மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா'வில் குடும்பத்தோடு இருக்கும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் என்று 2022இல் விதி வந்தது. 2025 செப்டம்பரில் தமிழக அரசு 2,000 ரூபாய் கொடுக்கும் 'அன்புக் கரங்கள்' திட்டத்தைத் தொடங்கியது.

மிஷனரிகளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் நழுவிவிட முடியாது. கல்யாண நாள், பிறந்த நாள், அப்பாவின் திதி... இல்லத்துக்குப் போன் போட்டு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுகிறோம். கேக் வெட்டுகிறோம். பசியோடு வரிசையில் உட்கார்ந்த பிள்ளைகள் முதலில் நமக்கு 'ஹேப்பி பர்த்டே' பாட வேண்டும். பிறகு ஒரு குரூப் போட்டோ. நாம் சிரித்தபடி நடுவில். அதே படம்தான், ஆப்பிரிக்கா மட்டும் இல்லை.

அடுத்த முறையும் போங்கள், சாப்பாடும் போடுங்கள். கேமராவைப் பையில் வைத்துவிட்டு வார்டனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "இதில் எத்தனை பேருக்கு அம்மா, பாட்டி யாராவது இருக்காங்க? அவங்க கையில மாசம் எவ்வளவு இருந்தா பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க?"

பதில் சொல்ல வார்டன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதையும் கவனியுங்கள்.