மடியில் ஒரு பலகை

மடிக் கிற்றாரைப் போல வீட்டிலே செய்யத் தோதான வாத்தியம் குறைவு. யாழ்ப்பாணத்து உரும்பிராய் வளவொன்றில் தறித்துக் காயவிட்ட பலாப்பலகை போதும். விரலால் தந்தியை அழுத்துவதில்லை; வழவழப்பான உருக்குக்கோல் மேலே தொட்டு வழுக்கும். அதனால் மெட்டுக்கட்டைகள் தேவையில்லை, கோடு கீறினாலே சரி. தந்தி நீளத்தின் சரிபாதியில் 12ஆவது கோடு வரும். கோல் கோட்டுக்கு நேர்மேலே நிற்கவேண்டும். மயிரிழை விலகினாலும் சுருதி பிசகும். அந்தக் கண்டிப்பே இதன் அழகு!

ஹவாயில் பிறந்த வாசிப்புமுறைதான். ஆனால் நமது கோட்டுவாத்தியமும் கருங்காலிக் கட்டையை இப்படித்தான் வழுக்கவிடுகிறது. கமகம் இரண்டுக்கும் இயல்பு. இந்துஸ்தானிக் கலைஞர் விஸ்வ மோகன் பட் 1994இல் கிராமி விருது பெற்றதும் மடியில் கிடத்திய மோகன வீணை என்ற கிற்றாரால்தான்.

பழகுவோர் கோலுக்குப் பின்னால் இடக்கை விரல்களைத் தந்திமேல் மெல்லப் படியவிடட்டும். இல்லாவிட்டால் பின்பக்கத் துண்டும் சேர்ந்து இரையும்.